ஹேண்ட்பிரேக் போடாமல் இறங்காதீர்: கார் ஓட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்



ஆன்டன் யெல்சின் என்ற ஹாலிவுட் நடிகர் 2016 ஜூன் 19 அன்று, 27 வயதில், தன் வீட்டு வாசலில் தன் சொந்தக் காராலேயே நசுக்கப்பட்டு இறந்தார். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஸ்டுடியோ சிட்டி பகுதியில் அவர் வீடு இருந்தது. சாலையிலிருந்து வீட்டுக்கு ஏறும் பாதை செங்குத்தானது. காரை விட்டு இறங்கி அதன் பின்புறம் வந்தவர் மீது கார் பின்னோக்கி உருண்டு வந்தது. வாசலில் இருந்த செங்கல் தபால்பெட்டித் தூணோடும் பாதுகாப்பு வேலியோடும் அவரைச் சேர்த்து நெருக்கிவிட்டது. ஒத்திகைக்கு வர வேண்டியவர் வராததால் தேடி வந்த நண்பர்கள், அதிகாலை ஒரு மணிக்குப் பிறகு அவரைக் கண்டார்கள். அப்போதும் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது என்றும், கியர் நியூட்ரலில் இருந்தது என்றும் போலீசார் தெரிவித்தனர். மார்பு நெரிபட்டு மூச்சு நின்றதே சாவுக்குக் காரணம் என்று மரண விசாரணையில் முடிவாயிற்று.

யெல்சின் 1989 மார்ச் 11 அன்று அன்றைய லெனின்கிராடில் பிறந்தவர். தந்தை விக்டரும் தாய் இரினாவும் பனித்தளத்தில் இணையாகச் சறுக்கி ஆடும் கலைஞர்கள். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோது சோவியத் நாட்டை விட்டு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களுக்கு அவன் ஒரே பிள்ளை. பள்ளிப் பருவத்திலேயே ஆன்டனி ஹாப்கின்ஸுடன் 'ஹார்ட்ஸ் இன் அட்லாண்டிஸ்' படத்தில் நடித்து, 2009-இல் வந்த 'ஸ்டார் டிரெக்' படத்தில் இளம் மாலுமி செக்கோவாக உலகெங்கும் அறியப்பட்டார். பெரிய படங்களோடு நின்றுவிடாமல் 'லைக் கிரேசி', 'கிரீன் ரூம்' போன்ற சிறிய படங்களிலும் மனம் வைத்து நடித்தவர். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோய் அவர் நுரையீரலைத் தாக்கியிருந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளாமலே உழைத்தார் என்பது அவர் இறந்த பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. மூச்சோடு வாழ்நாளெல்லாம் போராடிய ஒருவரை, வீட்டு வாசலில் நின்றிருந்த ஒரு வண்டி மூச்சு நிறுத்திக் கொன்றது. மூன்றாவது 'ஸ்டார் டிரெக்' படம் திரைக்கு வர அப்போது ஒரு மாதம்தான் இருந்தது.

அந்தக் கார் 2015 மாடல் ஜீப் கிராண்ட் செரோக்கி. அந்த மாடல், விபத்துக்கு இரண்டு மாதம் முன்பே, 2016 ஏப்ரலில், உருண்டோடும் ஆபத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகளின் பட்டியலில் இருந்தது. 2014, 2015 மாடல் கிராண்ட் செரோக்கி, 2012 முதல் 2014 வரையிலான கிரைஸ்லர் 300, டாட்ஜ் சார்ஜர் ஆகியவற்றைச் சேர்த்து உலகம் முழுவதும் ஏறத்தாழ 11 லட்சம் வண்டிகள் அந்த அழைப்பில் அடங்கின. அவற்றில் எட்டு லட்சத்துக்கு மேல் அமெரிக்காவில் ஓடியவை. தயாரிப்பாளரான ஃபியட் கிரைஸ்லர் அப்போதே 41 பேர் காயமடைந்த செய்தியை அறிந்திருந்தது. ஆனால் திரும்ப அழைப்பதாக அறிவித்த நாளில் பழுதுக்கு மருந்து தயாராக இல்லை. மென்பொருளைத் திருத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. உரிமையாளர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பி, அதுவரை பார்க்கிங் பிரேக்கைத் தவறாமல் போடச் சொல்வதுதான் இடைக்கால ஏற்பாடாக இருந்தது. தங்கள் மகனுக்கான கடிதம் அவன் இறந்த பிறகே வந்து சேர்ந்தது என்று யெல்சினின் பெற்றோர் கூறினார்கள். திருத்திய மென்பொருள் டீலர்களுக்குப் போய்ச் சேரத் தொடங்கியது அந்த ஜூன் மாதக் கடைசியில்.

அந்த வண்டிகளில் பழுதென்று எந்த உதிரிபாகமும் உடையவில்லை. கியர் நெம்புகோல், செய்யச் சொல்லி வடிவமைத்ததைத்தான் செய்தது. பழைய ஆட்டோமேடிக் கார்களில் நெம்புகோலைப் 'பார்க்'கில் தள்ளினால் அது அங்கேயே நிற்கும். 'ரிவர்ஸ்', 'நியூட்ரல்', 'டிரைவ்' ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும், நெம்புகோல் எங்கே நிற்கிறது என்பதை வைத்துக் கியரைச் சொல்லிவிடலாம். இந்தப் புது நெம்புகோலோ, எந்தப் பக்கம் தள்ளினாலும் கையை எடுத்ததும் நடுவிலுள்ள பழைய நிலைக்கே திரும்பிவிடும். கியர்பாக்ஸுக்கும் அதற்கும் இடையில் கம்பியோ கேபிளோ இல்லை. தள்ளியது எவ்வளவு தூரம் என்பதைக் கணித்து, மின்னணுச் சாதனம் ஒன்று கியர்பாக்ஸுக்கு உத்தரவு அனுப்பும், அவ்வளவுதான். எந்த கியர் விழுந்தது என்பதை நெம்புகோலின் தலையில் எரியும் எழுத்தும், டாஷ்போர்டில் எரியும் எழுத்தும் மட்டுமே சொல்லும்.

'டிரைவ்'வில் வந்து நின்ற கார் 'பார்க்'குக்குப் போக வேண்டுமானால் நெம்புகோலை முன்னால் தள்ள வேண்டும். வழியில் நியூட்ரலையும் ரிவர்ஸையும் தாண்ட வேண்டும். கடைசிவரை தள்ளினால் பார்க் விழும். கொஞ்சம் குறைவாகத் தள்ளினால் ரிவர்ஸிலோ நியூட்ரலிலோ நின்றுவிடும். இரண்டு விதத்திலும் நெம்புகோல் கைக்கு ஒரே மாதிரிதான் திரும்பி வரும். பல வருடமாகக் கை பழகிய அசைவைச் செய்துவிட்டு, கண்ணை எழுத்தின் பக்கம் திருப்பாமல் இறங்குபவருக்குத் தவறு தெரிய வழியே இல்லை. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2015 ஆகஸ்டில் இதை விசாரிக்கத் தொடங்கி, 2016 பிப்ரவரியில் விசாரணையை ஒரு படி உயர்த்தியபோது சொன்னதும் இதுதான்: இந்த நெம்புகோலின் இயக்கம் இயல்பாகப் புரியும்படி இல்லை, கைக்கும் கண்ணுக்கும் போதிய தடயம் தருவதில்லை.

வண்டியில் எச்சரிக்கை எதுவுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பார்க்கில் இல்லாதபோது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் மணி ஒலிக்கும், டாஷ்போர்டில் செய்தி தோன்றும். பார்க்கில் இல்லாவிட்டால் பட்டனை அழுத்தினாலும் என்ஜின் வழக்கம்போல அணையாது. என்ஜின் அணையாததே ஓட்டுநரை உஷார்ப்படுத்திவிடும் என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. அந்தக் கணக்கு இரண்டு பேரிடம் பொய்த்துப் போகிறது. வாயிற்கதவைத் திறக்கவோ கடிதத்தை எடுக்கவோ ஒரு நிமிடம் இறங்கும் ஒருவர் என்ஜினை வேண்டுமென்றே ஓடவிட்டுத்தான் இறங்குகிறார். இன்னொருவர் பட்டனை அழுத்திவிட்டோம், அணைந்துவிட்டது என்று நம்பிக் கதவை மூடுகிறார். இன்றைய என்ஜின்கள் அவ்வளவு சத்தமின்றி ஓடுகின்றன. சாவி துவாரத்தில் இல்லை, பையில் இருக்கிறது. சாவியைத் திருப்பி உருவி எடுத்த காலத்தில், பார்க்கில் போடாமல் பல கார்களில் சாவி வெளியே வராது. கைக்குத் தெரிந்த அந்தத் தடையும் பட்டன் வந்ததோடு போயிற்று. மணி ஒலிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சீட்பெல்ட்டுக்கும் விளக்குக்கும் கதவுக்கும் என்று எதற்கெடுத்தாலும் மணி அடிக்கும் வண்டியில், உயிர் போகும் மணி எது என்று காது பிரித்தறியாது.

நெம்புகோல் குழப்பம் ஒருபுறம் இருக்க, சரியாகப் பார்க்கில் விழுந்த காரிலும் உண்மையில் பூட்டியிருப்பது என்ன என்பதைப் பெரும்பாலான ஓட்டுநர்கள் பார்த்ததில்லை. ஆட்டோமேடிக் கியர்பாக்ஸின் உள்ளே, சக்கரங்களுக்குச் சுழற்சியை அனுப்பும் தண்டில் பற்கள் வெட்டிய ஒரு வளையம் இருக்கிறது. பார்க்கில் போடும்போது கொக்கி போன்ற ஒரு சிறு எஃகுத் துண்டு அந்தப் பற்களின் இடுக்கில் போய் விழுகிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் எப்படியோ அப்படி. தாழ்ப்பாள் விழுந்தால் தண்டு சுற்றாது, தண்டு சுற்றாவிட்டால் சக்கரம் உருளாது. இதில் பிரேக் எதுவும் சம்பந்தப்படவில்லை. டிஸ்க்கையோ டிரம்மையோ யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. இரண்டு டன் வண்டியின் சரிவு பாரம் முழுவதும் அந்த ஒரு கொக்கியின் முனையில் நிற்கிறது.

கொக்கி பல்லின் இடுக்கில் விழாமல் பல்லின் தலைமேல் உட்கார்ந்துவிடுவதும் உண்டு. அப்போது கார் ஒரு விரற்கடை நகர்ந்த பிறகுதான் 'டக்' என்று உள்ளே விழும். சரிவில் பார்க்கில் போட்டுப் பிரேக் பெடலிலிருந்து காலை எடுத்ததும் கார் சற்றே உருண்டு, ஒரு குலுக்கலோடு நிற்பதை ஆட்டோமேடிக் ஓட்டும் எல்லோரும் உணர்ந்திருப்பார்கள். அந்தக் குலுக்கல், வண்டியின் எடை கொக்கியின் மேல் இறங்கியதன் அடையாளம். மறுநாள் காலை கியரை எடுக்கும்போது நெம்புகோல் முரண்டுபிடித்து, அடியில் 'டொம்' என்று சத்தம் கேட்டால், இரவெல்லாம் பாரத்தைத் தாங்கியது அந்தக் கொக்கிதான். பின்னால் வேறொரு வண்டி வந்து இடித்தால் அந்த அதிர்ச்சியையும் அதுவே வாங்க வேண்டியிருக்கும்.

பார்க்கில் விழாத கார் சரிவில் என்ன செய்யும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. பத்து மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் உயரும் பாதை 10 சதவீதச் சரிவு. வீட்டு நுழைபாதைகளில் இது அபூர்வம் அல்ல. 2,100 கிலோ எடையுள்ள கார் அதில் நியூட்ரலில் நின்றால், சரிவின் வழியே கீழே இழுக்கும் விசை 200 கிலோ எடைக்குச் சற்று அதிகம். டயர் உருளும்போது ஏற்படும் தடையைக் கழித்தாலும் 180 கிலோவுக்குக் குறையாது. எவ்வளவு பலசாலியானாலும் ஒருவர் முதுகைக் கொடுத்து அதை நிறுத்த முடியாது. முதல் நொடியில் கார் அரை மீட்டரைக்கூட நகராது, அதனால் யார் கண்ணிலும் படாது. ஐந்து மீட்டர் உருள மூன்றரை நொடி போதும். அதற்குள் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். ஆள் நடக்கும் வேகத்தைப் போல இரண்டு மடங்கு அது. இவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் கார் மோதிவிட்டு நிற்பதில்லை. மோதிய பிறகும் அந்த 180 கிலோ விசை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். தூணுக்கும் காருக்கும் நடுவில் அகப்பட்டவர் உதவி வரும்வரை மார்பை விரித்து மூச்சிழுக்க முடியாது. மெதுவாக உருளும் கார் ஆளைக் கொல்வது இப்படித்தான்.

ரிவர்ஸில் விழுந்துவிட்ட காரின் கதை வேறு மாதிரி. என்ஜின் ஓடும்போது ஆட்டோமேடிக் கார் ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே சமதளத்திலும் ஊர்ந்து செல்லும். அதற்குச் சரிவே தேவையில்லை. ஓட்டுநர் இறங்கும் வரை காலடியில் இருந்த பெடல்தான் அதைப் பிடித்து வைத்திருந்தது. காலை எடுத்ததும் புறப்பட்டுவிடும்.

அமெரிக்காவுக்கு இந்தப் பாடம் 2016-இல் முதன்முறையாக வந்ததல்ல. 1966 முதல் 1980 வரை ஃபோர்டு நிறுவனம் விற்ற கார்களிலும் டிரக்குகளிலும் இதே புகார் ஆயிரக்கணக்கில் எழுந்தது. நெம்புகோல் பார்க்கில் இருப்பதாகத் தோன்றும், உண்மையில் பார்க்குக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும். ஓடும் என்ஜினின் அதிர்விலோ கதவைச் சாத்தும் அதிர்ச்சியிலோ ரிவர்ஸுக்கு நழுவிவிடும். பின்னால் நின்றவர்கள் மேல் ஏறிய கார்களால் பலர் செத்தார்கள். ஃபோர்டும் போக்குவரத்துத் துறையும் 1980-இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. வண்டிகளைத் திரும்ப அழைப்பதற்குப் பதிலாக, ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் வண்டிகளின் உரிமையாளர்களுக்கு டாஷ்போர்டில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர் அனுப்புவது என்று முடிவாயிற்று. பார்க்கில் போடுக, பார்க்கிங் பிரேக்கை முழுதாக இடுக, என்ஜினை அணைத்துவிட்டு இறங்குக என்பதே அதன் சாரம். இவ்வளவு பெரிய கோளாறை ஒரு ஸ்டிக்கரால் முடித்துக்கொண்டது அநியாயம். ஸ்டிக்கர் வந்த பிறகும் விபத்துகள் நிற்கவில்லை. இருந்தாலும் அதில் எழுதியிருந்த விஷயம் சரியானது. 2016-இல் கிராண்ட் செரோக்கி வாங்கியவர்களுக்குப் போன கடிதமும் அதையேதான் சொன்னது. 36 வருட இடைவெளியில், கியர் தவறும்போது காப்பாற்றக்கூடியது என்று இரண்டு நிறுவனங்களும் கைகாட்டியது பார்க்கிங் பிரேக் ஒன்றைத்தான்.

பார்க்கிங் பிரேக்கின் பெருமை, அது கியர்பாக்ஸை நம்பி இல்லை என்பதில் இருக்கிறது. இருக்கைக்கு நடுவில் கையால் இழுக்கும் பிடியானாலும், ஓட்டுநரின் இடது காலருகே மிதிக்கும் சிறு பெடலானாலும், விரலால் தட்டும் பட்டனானாலும் அது பிடிப்பது பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களை. பிடியை இழுக்கும்போது எஃகுக் கேபிள் இறுகி, டிரம்முக்குள் உள்ள பிரேக் ஷூக்களை விரிக்கிறது, அல்லது டிஸ்க்கின் இரு பக்கமும் பேடுகளை அழுத்துகிறது. பட்டன் வைத்த கார்களில் கேபிளின் வேலையைச் சிறு மின்மோட்டார் செய்கிறது. பெடல் பிரேக்கின் எண்ணெய் கசிந்து போனாலும், என்ஜின் அணைந்திருந்தாலும், கியர் நியூட்ரலில் கிடந்தாலும் போட்ட பார்க்கிங் பிரேக் போட்டபடியே இருக்கும். அமெரிக்க விதிப்படி பயணிகள் காரின் பார்க்கிங் பிரேக், 20 சதவீதச் சரிவில், ஏற்ற முகமாகவும் இறக்க முகமாகவும், முழுப் பாரத்தோடு காரை ஐந்து நிமிடம் அசையாமல் நிறுத்திக் காட்ட வேண்டும். மேலே கணக்கிட்ட நுழைபாதையைப் போல இரு மடங்கு செங்குத்து அது. நல்ல நிலையில் உள்ள பிரேக்குக்கு வீட்டு வாசல் சரிவு ஒரு பொருட்டே அல்ல.

இன்னொரு பெருமையும் உண்டு, யெல்சினின் காரை நினைக்கும்போது அதுவே முக்கியமாகப் படுகிறது. 2015 கிராண்ட் செரோக்கியில் பார்க்கிங் பிரேக், காலால் மிதித்துப் பூட்டும் பெடல். மிதிக்கும்போது ஒவ்வொரு பல்லாக 'கிரிக் கிரிக்' என்று ஏறுவது பாதத்துக்குத் தெரியும், கடைசியில் விறைத்து நிற்பதும் தெரியும். கையால் இழுக்கும் பிடியும் அப்படியே. போட்டிருக்கிறதா இல்லையா என்பதை எரியும் எழுத்தைப் படித்து அறிய வேண்டியதில்லை. அதே வண்டியின் கியர் நெம்புகோல் எந்தத் தடயத்தை மறைத்ததோ, அந்தத் தடயத்தைப் பார்க்கிங் பிரேக் உடம்புக்கே தந்துவிடும்.

எந்த வரிசையில் போடுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. பலர் முதலில் பார்க்கில் போட்டு, பெடலிலிருந்து காலை எடுத்து, பிறகு நினைவு வந்தால் ஹேண்ட்பிரேக் போடுகிறார்கள். அதற்குள் பாரம் கொக்கியின் மேல் ஏறிவிட்டிருக்கும், பிரேக் வெறும் துணையாகவே நிற்கும். சரியான முறையில் வலது கால் பிரேக் பெடலை விட்டு எழுவதே இல்லை. கார் நின்றதும் நியூட்ரலில் போட்டு, பார்க்கிங் பிரேக்கை முழுதாகப் போட்டு, பெடலை மெல்லத் தளர்த்திப் பார்க்க வேண்டும். கார் துளி அசைந்து பிரேக்கின் மேல் உட்காரும். அப்போதுதான் பிரேக் தாங்குகிறது என்பது சோதித்துத் தெரிந்துகொண்டதாகிறது. அதன் பிறகு பெடலை மறுபடி மிதித்து, பார்க்கில் போட்டு, எழுத்து மாறியதைக் கண்ணால் பார்த்து, என்ஜினை அணைக்க வேண்டும். சொல்ல நீளமாக இருந்தாலும் செய்ய ஐந்து நொடிக்கு மேல் ஆகாது. மறுநாள் கிளம்பும்போது 'டொம்' சத்தம் கேட்காது. அந்த ஒன்றே வரிசை சரியாக இருந்ததற்குச் சாட்சி.

கையால் கியர் மாற்றும் கார்களுக்கு இதில் விலக்கு இல்லை. அங்கே பார்க் என்று ஒன்று கிடையாது என்பதால் ஹேண்ட்பிரேக் போடும் பழக்கம் ஓட்டுநர்களிடம் ஊறியிருக்கிறது. ஆனால் அவர்கள் அதை மட்டும் நம்பி நியூட்ரலில் விட்டுப் போவதுண்டு. நீண்ட தூரம் ஓடியோ மலைச்சாலையில் இறங்கியோ வந்த காரின் பின்சக்கர டிஸ்க்குகள் கொதிக்கும் சூட்டில் விரிந்திருக்கும். நின்று ஆறும்போது அவை சுருங்கும், பேடுகளின் பிடி அந்த அளவுக்குத் தளரும். அரைகுறையாக இழுத்த ஹேண்ட்பிரேக், நிறுத்தியபோது பிடித்திருந்தாலும் கால் மணி நேரம் கழித்து விட்டுவிடக்கூடும். இதனால்தான் முதல் கியரிலோ ரிவர்ஸிலோ போட்டு வைப்பது அவசியமாகிறது. ஆட்டோமேடிக்கில் பிரேக்குக்குக் கொக்கி துணை, கை கியரில் பிரேக்குக்குக் கியர் துணை.

ஹேண்ட்பிரேக் போடாததற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றிரண்டை மட்டும் இங்கே எடுத்துப் பேசத் தகும். சமதளத்தில் எதற்கு என்பது ஒன்று. கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் இடங்கள் மழைநீர் வடிவதற்காகவே சற்றுச் சாய்த்துப் போடப்பட்டவை. தவிர, ரிவர்ஸில் விழுந்த காருக்குச் சரிவு வேண்டாம் என்பதை மேலே பார்த்தோம். போட்டுப் போட்டுக் கேபிள் தேய்ந்துவிடும் என்பது இன்னொன்று. நடப்பது நேர்மாறு. மாதக்கணக்கில் இழுக்காத கேபிள் உறைக்குள் துருப்பிடித்து இறுகிவிடுகிறது. என்றோ ஒருநாள் அவசரத்துக்கு இழுத்தால் பிடிக்காது, அல்லது பிடித்ததை விடாது. கடுங்குளிர் நாடுகளில் ஈரம் உறைந்து பிரேக் ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்துக்கு மட்டும் நியாயம் உண்டு. அங்கேயும் அது சில இரவுகளின் பிரச்சினைதான், வருடம் முழுவதற்குமான சாக்கு ஆகாது.

புதிய கார்களின் வசதிகளைப் பார்க்கிங் பிரேக் என்று எண்ணிக்கொள்வது இவற்றைவிட ஆபத்தானது. சிக்னலில் பெடலிலிருந்து காலை எடுத்தாலும் காரை நிறுத்தி வைக்கும் 'ஆட்டோ ஹோல்டு', பெடல் பிரேக்கின் எண்ணெய் அழுத்தத்தைத்தான் தக்கவைத்துக்கொள்கிறது. ஏற்றத்தில் கிளம்ப உதவும் வசதி சில நொடிகளில் விட்டுவிடும். இரண்டும் ஓட்டுநர் இருக்கையில் இருக்கும்போது பயன்படுத்த வந்தவை. இறங்கிய பிறகு காரைக் காவல் காப்பது அவற்றின் வேலை அல்ல.

பாதையோரக் கல்லையும் மறக்க வேண்டாம். சான் பிரான்சிஸ்கோ நகரில், சரிவு 3 சதவீதத்தைத் தாண்டினால் முன்சக்கரத்தைத் திருப்பி ஓரக்கல்லில் முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும் என்பது சட்டம். இறக்கம் நோக்கி நிற்கும் காரின் சக்கரம் ஓரக்கல்லைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். ஏற்றம் நோக்கி நிற்பதென்றால் ஓரக்கல்லுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, பின்னோக்கி உருண்டால் டயரின் பின்பகுதி கல்லில் தட்டி நிற்கும்படி விட வேண்டும். கல்லே இல்லாத சாலையில் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் சக்கரம் சாலைக்கு வெளிப்புறம் திரும்பியிருக்க வேண்டும். உருண்டால் போக்குவரத்துக்குள் பாயாமல் ஓரத்தில் இறங்கட்டும் என்பதற்காக. பிரேக்கைப் போடாமலும் என்ஜினை அணைக்காமலும் வண்டியை ஆளின்றி விட்டுப்போகக் கூடாது என்று கலிபோர்னியா வாகனச் சட்டம் விதிக்கிறது. இந்தியாவின் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆவது பிரிவும் கிட்டத்தட்ட இதே கடமையைத்தான் ஓட்டுநர் மேல் சுமத்துகிறது. ஓட்டுநர் உரிமம் வாங்கிய எல்லோரையும் கட்டுப்படுத்தும் விதி அது. படித்தவர்கள் மிகக் குறைவு.

கார் உருளத் தொடங்கிவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அதன் வழியை விட்டுப் பக்கவாட்டில் விலகி, மற்றவர்களை விலகச் சொல்லிக் கத்துவது. பின்னால் போய்த் தாங்கிப் பிடிக்கத் தோன்றும். ஓடிப்போய்த் திறந்த கதவு வழியாக உள்ளே பாய்ந்து பிரேக்கை மிதிக்கத் தோன்றும். வண்டி போய்விடுமே என்ற பதைப்பில் கால் தானாக அந்தப் பக்கம் ஓடும். 180 கிலோ கணக்கை அந்த நேரத்தில் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை என்பதால், முன்கூட்டியே மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். திறந்த கதவு ஆளை இழுத்துக் கீழே தள்ளி, முன்சக்கரத்தின் அடியில் போட்டுவிடும். நசுங்கிய பம்பரைத் தட்டி நிமிர்த்திவிடலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால், நுழைபாதையில் நிற்கும் காரின் முன்னும் பின்னும் விளையாட விடாமலிருப்பதும் இதோடு சேர்ந்தது.

இவ்வளவையும் ஓட்டுநரின் தலையில் கட்டிவிட்டு நிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்ள இடம் தரக் கூடாது. மனிதர் மறப்பார், அவசரப்படுவார், தூக்கக் கலக்கத்தில் இறங்குவார் என்பது தெரிந்தே காரை வடிவமைக்க வேண்டும். 2016 ஜூன் கடைசியில் வந்த திருத்தம் அதைத்தான் செய்தது. பார்க்கில் இல்லாத நிலையில் ஓட்டுநர் இறங்கப்போகிறார் என்று தெரிந்தால் கார் தானே பார்க்குக்கு மாறிக்கொள்ளும். சில மென்பொருள் வரிகளில் செய்ய முடிந்த வேலை அது. இதே மாதிரி நடுவுக்குத் திரும்பும் நெம்புகோலை வைத்த வேறு சில கார்களில் இந்தப் பாதுகாப்பு முதலிலிருந்தே இருந்தது. கிரைஸ்லர் வண்டிகளில் இல்லாமல் போனதற்கு மன்னிப்பே கிடையாது. யெல்சினின் பெற்றோர் 2016 ஆகஸ்டில் வழக்குத் தொடர்ந்து, 2018-இல் அது சமரசத்தில் முடிந்தது. பாதுகாப்பு நிர்வாகம் 2016 ஜூனில் விசாரணையை முடித்தபோது, இந்த நெம்புகோலோடு தொடர்பிருக்கக்கூடியவையாக 266 மோதல்களும் 68 காயங்களும் கணக்கில் வந்திருந்தன. அதே ஆண்டு டிசம்பரில், வட்டத் திருகியால் கியர் மாற்றும் டாட்ஜ் டுராங்கோ, ராம் 1500 வண்டிகள் சுமார் 10 லட்சத்தின் மேல் அடுத்த விசாரணையைத் தொடங்கியது.

நெம்புகோல், பட்டன், திருகி என்று கியர் மாற்றும் முறை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும் இந்தக் காலத்தில், வாடகைக் காரையோ நண்பரின் காரையோ ஓட்ட வாங்குபவர் கிளம்பும் முன்பே பார்க்கிங் பிரேக் எங்கே இருக்கிறது, எப்படிப் போட்டு எடுப்பது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய கார் வாங்குபவர்கள், வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணைக் கொண்டு அது திரும்ப அழைக்கப்பட்ட பட்டியலில் உள்ளதா, திருத்தம் செய்யப்பட்டதா என்று டீலரிடம் விசாரிக்கலாம். அமெரிக்காவில் இந்தத் திருத்தங்களுக்குப் பணம் கேட்பதில்லை, ஆனால் கைமாறிய வண்டிகளுக்குக் கடிதம் பழைய முகவரிக்கே போய்விடக்கூடும். வாங்கும் முன், ஆள் நடமாட்டமில்லாத ஒரு சிறு சரிவில் காரை நிறுத்தி, இருக்கையில் இருந்தபடியே நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை மட்டும் இழுத்துப் பெடலிலிருந்து காலை மெல்ல எடுத்துப் பார்க்க வேண்டும். நகர்ந்தால் கேபிளை முறுக்கியோ ஷூக்களை மாற்றியோ சரிசெய்து தரச் சொல்லிவிட்டுத்தான் மற்ற விலை பேச்சு.